3,500 ஆண்டு அரண்மனை... ஆனால் தூண் மட்டும் கான்கிரீட்! கிரீட் தீவின் க்னோசோஸைத் தோண்டிய ஆர்தர் எவன்ஸ் யார்?

கிரீஸ் நாட்டின் மிகப் பெரிய தீவு கிரீட். அங்கே டூர் போகிறவர்கள் யாரும் தவறவிடாத இடம் க்னோசோஸ். தலைநகர் ஹெராக்லியோனிலிருந்து 5 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸிலேயே போய் இறங்கிவிடலாம். உள்ளே வடக்கு வாசல் பக்கம் போனால், சிவப்புச் சாயம் பூசிய தடிமனான தூண்கள், அதற்குப் பின்னால் பாய்ந்து வரும் காளையின் ஓவியம். கிரீட் என்று கூகுள் செய்தாலே வந்து நிற்கிற போட்டோ இதுதான்.

ஆனால் 3,500 வருஷத்துக்கு முந்தைய தூண் இவ்வளவு பளிச்சென்று எப்படி நிற்கிறது?

பதில் ரொம்ப சிம்பிள். அது 3,500 வருஷத் தூணே இல்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஊற்றிய கான்கிரீட். ஊற்றச் சொன்னவர் ஒரு ஆங்கிலேயர். சர் ஆர்தர் எவன்ஸ்.

2025 ஜூலையில் க்னோசோஸ் உட்பட கிரீட்டின் ஆறு பழங்கால அரண்மனை மையங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. க்னோசோஸ், ஃபைஸ்டோஸ், மாலியா, ஜாக்ரோஸ், ஜோமிந்தோஸ், கிடோனியா என்று ஆறு இடங்கள். இந்த ஆறில் அதிகம் பேசப்படுவதும் க்னோசோஸ்தான், அதிகம் சண்டை நடப்பதும் க்னோசோஸைப் பற்றித்தான். காரணம் எவன்ஸ். அவர் இல்லையென்றால் இந்த நாகரிகத்துக்கு இன்றைக்கு நாம் சொல்கிற பெயரே கிடையாது. அதே சமயம், அங்கே கிடைத்த எழுத்துகளை உலகம் படிக்க அரை நூற்றாண்டு ஆனதற்கும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பணக்கார வீட்டுப் பையன், கிட்டப்பார்வை

ஆர்தர் எவன்ஸ் பிறந்தது 1851 ஜூலை 8, இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில். அப்பா ஜான் எவன்ஸ் காகித ஆலை நடத்தியவர். அதோடு பழைய கல் ஆயுதங்கள், நாணயங்கள் சேகரிப்பதில் அந்தக் காலத்தில் பெரிய பெயர் எடுத்தவர். வீடு முழுக்கப் பழம்பொருட்கள். பையன் அதற்குள்ளேயே வளர்ந்தான். ஆறு வயதில் அம்மா இறந்துவிட்டார்.

எவன்ஸுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. தூரத்தில் வருவது யார் என்றே தெரியாது. கண்ணாடி போட்டுக்கொள்ளவும் பிடிக்காது. கையில் ஒரு தடியை வைத்துத் தட்டித் தட்டி நடப்பார். ஆனால் ஒரு சின்ன நாணயத்தையோ முத்திரைக் கல்லையோ கண்ணுக்கு நெருக்கத்தில் வைத்துவிட்டால், மற்றவர்கள் லென்ஸ் வைத்தும் பார்க்க முடியாத கீறல் எல்லாம் அவருக்குத் தெரியும். பின்னால் கிரீட்டுக்கு அவரை இழுத்துப் போனதே இந்தக் கண்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார். படித்து முடித்தவர் ஆய்வாளராக உட்காரவில்லை, பத்திரிகையாளரானார். பால்கன் பகுதியில் துருக்கி ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சிகளை மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்கு எழுதினார். இன்றைக்கு குரோஷியாவில் இருக்கும் டுப்ரோவ்னிக் நகரில் மனைவி மார்கரெட்டோடு குடியேறினார். அப்போது அந்த ஊர் ஆஸ்திரியாவின் கையில். கிளர்ச்சிக்காரர்களோடு தொடர்பு என்று 1882-ல் ஆஸ்திரிய அரசு அவரைப் பிடித்துச் சில வாரங்கள் சிறையில் வைத்து, பிறகு நாட்டை விட்டே அனுப்பியது.

திரும்பி வந்தவருக்கு 1884-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் பொறுப்பு கிடைத்தது. 1893-ல் மார்கரெட் இறந்தார். அதன் பிறகு சாகும் வரைக்கும் எவன்ஸ் கடிதம் எழுதியது கறுப்பு விளிம்பு போட்ட தாளில்தான். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

தாய்மார்கள் கழுத்தில் தொங்கிய கல்

மனைவி இறந்த அடுத்த வருஷம், 1894-ல், முதல் முறையாகக் கிரீட்டில் இறங்கினார். தேடிப் போனது தங்கப் புதையலை அல்ல, எழுத்தை.

ஏதென்ஸ் கடைகளில் சின்னச் சின்ன முத்திரைக் கற்கள் அவர் கைக்கு வந்திருந்தன. அதில் இருந்த குறிகள் வெறும் அலங்காரமாக அவருக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு எழுத்து முறை என்று பட்டது. எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் எல்லோரும் கிரீட்டைக் கை காட்டினார்கள்.

கிரீட் கிராமங்களில் போய்ப் பார்த்தால் அந்தக் கற்கள் பெண்கள் கழுத்தில் தொங்கின! பால் கல் என்று அதற்குப் பேர். பிள்ளை பெற்ற தாய் அணிந்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்று நம்பிக்கை. எவன்ஸ் கழுதை மேல் ஊர் ஊராகச் சுற்றி, விற்கச் சம்மதித்தவர்களிடம் வாங்கினார். விற்க மாட்டேன் என்றவர்களிடம் அச்சு மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்போதே அவர் கண் கெஃபாலா என்ற மேட்டின் மேல் விழுந்துவிட்டது. க்னோசோஸ் புதைந்து கிடந்தது அந்த மேட்டில்தான்.

முதலில் தோண்டியவர் எவன்ஸ் இல்லை

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. மினோஸ் கலோகைரினோஸ். ஹெராக்லியோனில் வியாபாரி, உள்ளூர்க்காரர். கிரேக்கப் புராணத்தில் க்னோசோஸை ஆண்டதாகச் சொல்லும் அரசனின் பேரும் மினோஸ்தான், இவர் பேரும் மினோஸ்தான்.

1878-லேயே, அதாவது எவன்ஸ் வருவதற்கு 16 வருஷத்துக்கு முன்பே, கலோகைரினோஸ் அந்த மேட்டைத் தோண்டினார். ஆள் உயரத்துக்குப் பெரிய பெரிய சேமிப்பு ஜாடிகள் வரிசையாக நின்ற கிடங்குகளைக் கண்டுபிடித்தார். ஆனால் வேலை பாதியில் நின்றது. நிறுத்தியவர்கள் கிரீட் மக்களின் பிரதிநிதிகளே. தீவு அப்போது துருக்கியின் உஸ்மானிய ஆட்சியில் இருந்தது. நல்ல பொருளாக எதுவும் வெளியே வந்தால் கான்ஸ்டாண்டினோபிளுக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

டிராய், மைசீனே நகரங்களைத் தோண்டிப் புகழ்பெற்ற ஜெர்மானியர் ஹைன்ரிக் ஷ்லீமனும் இந்த மேட்டை விலை பேசினார். பேரம் படியவில்லை. 1890-ல் அவர் இறந்தும் போனார்.

எவன்ஸ் கிரீட்டுக்கு வந்ததும் கலோகைரினோஸ் தன் சேகரிப்பைத் தாராளமாகக் காட்டினார். அதில் எழுத்துகள் கீறிய ஒரு களிமண் பலகையும் இருந்தது. எவன்ஸ் அதைப் படம் வரைந்துகொண்டார். நல்லவேளை, வரைந்துகொண்டார். 1898-ல் ஹெராக்லியோனில் நடந்த கலவரத்தில் கலோகைரினோஸின் வீடு எரிந்தது. சேகரிப்பும் அதோடு போயிற்று.

அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் உஸ்மானியப் படை தீவை விட்டு வெளியேறியது. கிரீட்டுக்குத் தன்னாட்சி வந்தது. மேட்டில் ஒரு பங்கை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த எவன்ஸ், மீதியையும் வாங்கினார். கையில் காசு, சொந்த நிலம், ஆக்ஸ்ஃபோர்டு பதவி. கலோகைரினோஸிடம் இந்த மூன்றில் எதுவும் இல்லை. அவர் 1907-ல் இறந்தார். அவர் பேரை இன்றைக்கு க்னோசோஸ் போகிறவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

முதல் வாரமே ஜாக்பாட்

1900 மார்ச் 23-ல் தோண்டல் தொடங்கியது. கூட இருந்தவர் டங்கன் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர். தினமும் எந்த அடுக்கில் என்ன கிடைத்தது என்று நோட்டுப் போட்டு எழுதியது அவர்தான். கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் இரண்டு தரப்பிலும் எவன்ஸ் ஆள் எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட ஊர் அது. ஒரே குழியில் சேர்ந்து வேலை செய்யட்டும் என்று வேண்டுமென்றே செய்தார்.

ஒரு வாரத்துக்குள் எழுத்துப் பலகைகள் கிடைத்தன. ஒன்றிரண்டு இல்லை, குவியலாக. அடுத்த மாதமே, சுவரோடு சேர்ந்த கல் ஆசனம் ஒன்று வெளியே வந்தது. அது இருந்த அறைக்கு சிம்மாசன அறை என்று பேர் வைத்தார். பிறகு பெரிய படிக்கட்டு, நடு முற்றம், வண்ண ஓவியங்கள், வடிகால் குழாய்கள்.

கிடைத்ததற்கெல்லாம் எவன்ஸ் உடனே ஒரு பேர் வைத்துவிடுவார். ராணியின் அறை, இளவரசன், மதகுருவான அரசன் என்று. இந்த மக்கள் யார்? புராண அரசன் மினோஸின் பேரை வைத்து மினோவன் நாகரிகம் என்றார். அந்த மக்கள் தங்களை என்ன பேர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் மினோவன் என்ற பேர் நிலைத்துவிட்டது. பானைகளை வைத்து அவர் பிரித்த முற்கால, இடைக்கால, பிற்கால மினோவன் என்ற கால வரிசையையும் ஆய்வாளர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள். அந்த விஷயத்தில் மனுஷன் கில்லாடி.

சரி, கான்கிரீட் எப்படி வந்தது?

உண்மையைச் சொன்னால், முதலில் அது ஆடம்பரத்துக்காக வரவில்லை. அரண்மனையின் தூண்களும் உத்தரங்களும் மரத்தால் ஆனவை. மரம் எரிந்து, மக்கி, மண்ணோடு போய்விட்டது. மேல் மாடிகள் மண்ணின் பிடியில்தான் நின்றிருந்தன. மண்ணை எடுத்தால் மாடி விழும். படிக்கட்டைத் தோண்டும்போது, சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவமுள்ளவர்களை வைத்து முட்டுக் கொடுத்துக் கொடுத்துத்தான் இறங்கினார்கள்.

முதலில் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். கிரீட்டின் மழையில் அது இற்றுப்போனது. பிறகு இரும்பு உத்தரம். அது ஏகப்பட்ட செலவு. 1920-களில் வந்தது கம்பி வைத்த கான்கிரீட். விலை குறைவு, வேலையும் வேகம். அங்கேதான் எவன்ஸ் கட்டுப்பாட்டை இழந்தார் என்று பலரும் சொல்கிறார்கள். விழாமல் காப்பாற்றுவது என்று தொடங்கிய வேலை, எப்படி இருந்திருக்கும் என்று கட்டிக் காட்டுவதாக மாறியது. கட்டட வரைபடக் கலைஞர் பீட் டி யோங்கின் துணையோடு மேல் மாடிகளும் தூண் வரிசைகளும் எழும்பின. சில இடங்களில் தரைத்தளச் சுவர் மட்டும்தான் ஆதாரம், மேலே நிற்பது எவன்ஸின் யூகம்.

ஓவியங்களிலும் இதே கதை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஓவியர் எமில் கில்லியெரோனும் அவர் மகனும் துண்டு துண்டாகக் கிடைத்ததை வைத்து முழுப் படமாக வரைந்தார்கள். புகழ்பெற்ற லில்லி இளவரசன் ஓவியத்தில் பழையது என்றால் உடம்பு, கிரீடம், கால் என்று சில துண்டுகள்தான். முகம் புதிதாக வரைந்தது. அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே ஆளுடையவைதானா என்றே பல ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். இன்னொரு ஓவியத்தில் குங்குமப்பூ பறிக்கும் நீல நிறப் பையன் ஒருவனை வரைந்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் உற்றுப் பார்த்தால் அது பையனே இல்லை, குரங்கு!

இதையெல்லாம் பக்கத்து இடங்களோடு வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். தீவின் தெற்கே இருக்கும் ஃபைஸ்டோஸ் அரண்மனையை இத்தாலியர்கள் தோண்டத் தொடங்கியதும் அதே 1900-ல்தான். அவர்கள் மாடி எழுப்பவில்லை. படிக்கட்டும் முற்றமும் அடித்தளச் சுவர்களும் கிடைத்தபடியே இருக்கின்றன. கிழக்கே கூர்னியா என்ற இடத்தில் ஹாரியட் பாய்ட் என்ற அமெரிக்கப் பெண் 1901-லிருந்து 1904 வரை தோண்டி, அரசனுடையது என்று இல்லாமல் சாதாரண மக்களின் முழு ஊரையே வெளியே கொண்டுவந்தார். குறுகலான தெரு, சின்னச் சின்ன வீடு, கைவினைஞர்களின் கருவிகள். அங்கேயும் இடுப்பளவுச் சுவர்தான். ஒரு சாதாரண பயணிக்கு ஃபைஸ்டோஸிலும் கூர்னியாவிலும் ஒன்றும் புரியாது என்பதும் நிஜம். க்னோசோஸில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எவன்ஸின் ஆதரவாளர்கள் சொல்வதும் இதைத்தான். ஆனால் புரிவது மினோவன்களையா, எவன்ஸையா என்பதுதான் கேள்வி.

1926 ஜூனில் கிரீட்டைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. க்னோசோஸ் பக்கத்திலேயே தான் கட்டிய வில்லா அரியாட்னே வீட்டில், எவன்ஸ் கட்டிலில் படுத்திருந்தார். வீடு ஆட்டம் கண்டது. ஆனால் அரண்மனையில் அவர் எழுப்பிய கான்கிரீட் பகுதிகள் தாக்குப்பிடித்தன. அவருக்கு இது போதாதா! அரண்மனை பழங்காலத்தில் அழிந்ததற்கும் நிலநடுக்கம்தான் காரணம் என்ற முடிவுக்கும் அந்த அனுபவத்தோடு வந்து சேர்ந்தார்.

படிக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் மனசில்லை

இனிதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி.

க்னோசோஸில் கிடைத்த பலகைகள் சுடாத களிமண். அரண்மனையை அழித்த தீயில் தற்செயலாக வெந்ததால்தான் அவை தப்பின. தோண்டிய ஆரம்பத்தில் ஒரு பெட்டிப் பலகைகள் கூரை ஒழுகி, மழையில் நனைந்து, மறுபடியும் சேறாகிப்போனதும் உண்டு.

எழுத்துகளை எவன்ஸ் பிரித்தார். பழையதற்கு லீனியர் ஏ, பிந்தையதற்கு லீனியர் பி என்று பேர் வைத்தார். எண்கள் எப்படி எழுதப்பட்டன, எது கணக்குப் பட்டியல் என்பதெல்லாம் சரியாகவே பிடித்தார். ஆனால் ஒலி தெரியவில்லை. 1909-ல் ஒரு புத்தகம் போட்டார். லீனியர் பி பலகைகள் முழுவதையும் அடுத்து வெளியிடுவதாகத் திட்டம். வெளியிடவில்லை. ஆயிரக்கணக்கில் துண்டுகள் கையில் இருந்தும், அவர் காலத்தில் வெளியே வந்தது ஒரு சிறு பகுதிதான். தானே படித்துவிட வேண்டும் என்ற ஆசை. வயதோ ஏறிக்கொண்டே போனது. அப்பா இறந்த பிறகு வந்த சொத்து, 1911-ல் சர் பட்டம், க்னோசோஸ் பற்றிய நான்கு தொகுதி பெரிய நூல் என்று மற்ற எல்லாம் நடந்தது. இது மட்டும் நடக்கவில்லை.

இன்னொரு தடையும் இருந்தது, அவருடைய பிடிவாதம். மினோவன்கள் கிரேக்கர்கள் அல்ல, அவர்கள்தான் கிரேக்க நிலப்பரப்பையே ஆண்டவர்கள் என்பதில் அவர் அசையவே இல்லை. மைசீனேயைத் தோண்டிய ஆலன் வேஸ் வேறு மாதிரி சொன்னார். கடைசிக் காலத்தில் க்னோசோஸை ஆண்டதே நிலப்பரப்பிலிருந்து வந்தவர்கள்தான் என்பது அவர் வாதம். எவன்ஸ் கடுமையாக எதிர்த்தார். ஏதென்ஸில் இருந்த பிரிட்டிஷ் தொல்லியல் பள்ளியின் இயக்குநராக இருந்த வேஸ் 1923-ல் அந்தப் பதவியை இழந்தார். அதில் எவன்ஸின் செல்வாக்குக்கும் பங்கு உண்டு என்றுதான் தொல்லியல் வட்டாரத்தில் பலர் நினைக்கிறார்கள்.

இதைவிட வேதனை ஒரு சின்னப் பலகை. அதில் குதிரைத் தலைப் படம், பக்கத்தில் இரண்டு குறி. சைப்ரஸ் தீவின் பழைய எழுத்தில் இதே போன்ற குறிகளின் ஒலியைப் போட்டுப் படித்தால் போ-லோ என்று வருகிறது. கிரேக்கத்தில் போலோஸ் என்றால் குதிரைக்குட்டி! எவன்ஸ் இதைக் கவனித்தார், தன் நூலில் குறிப்பிடவும் செய்தார். தற்செயல் என்று தள்ளிவிட்டார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே போகவில்லை.

14 வயது சிறுவன்

1936-ல் லண்டனில் ஒரு கண்காட்சி. 85 வயது எவன்ஸும் வந்திருந்தார். பள்ளியிலிருந்து பார்க்க வந்த 14 வயது பையன், இந்தப் பலகைகளை இன்னும் யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் அதிலேயே விழுந்துவிட்டான். பேர் மைக்கேல் வென்ட்ரிஸ்.

எவன்ஸ் 1941 ஜூலை 11-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டில் இறந்தார். 90-வது பிறந்தநாள் முடிந்து மூன்றே நாள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஹிட்லரின் படை பாராசூட்டில் கிரீட்டில் இறங்கியிருந்தது. க்னோசோஸில் முன்பு பொறுப்பாளராக இருந்த ஜான் பெண்டில்பரி அந்தச் சண்டையில் கொல்லப்பட்டார். எவன்ஸ் கட்டிய வில்லா அரியாட்னேவில் ஜெர்மன் தளபதிகள் குடியேறினார்கள்.

பலகைகளின் தொகுப்பை எவன்ஸின் நண்பர் ஜான் மைர்ஸ் முடித்து வெளியிட்டபோது வருஷம் 1952. தோண்டி எடுத்து 52 வருஷம்! அதே வருஷம் ஜூலையில், கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டிருந்த வென்ட்ரிஸ் பிபிசி வானொலியில் அறிவித்தார். லீனியர் பி கிரேக்க மொழி. தூய கிரேக்கம் என்று சொல்ல முடியாது, ஹோமருக்கும் பல நூறு வருஷம் முந்தைய வடிவம். வென்ட்ரிஸ் மட்டுமல்ல, குறிகளின் மாறுபாடுகளை அட்டை அட்டையாக எழுதி வழி போட்டுக் கொடுத்த அமெரிக்கப் பேராசிரியை ஆலிஸ் கோபருக்கும் இதில் பெரிய பங்கு. அவர் 1950-லேயே இறந்துவிட்டார், முடிவைப் பார்க்கவில்லை.

பலகைகளில் என்ன இருந்தது? அரசன் மினோஸின் கதை இல்லை. காவியம் இல்லை. எத்தனை செம்மறியாடு, எவ்வளவு கம்பளி, யாருக்கு எவ்வளவு எண்ணெய். க்னோசோஸ் கணக்கில் மட்டும் ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் ஆடுகள். எழுதியவர்கள் கிரேக்க மொழி பேசிய அதிகாரிகள். கடைசிக் காலத்தைப் பற்றி வேஸ் சொன்னதுதான் சரியாகிப்போனது. அதற்கு முந்தைய லீனியர் ஏ இன்னும் யாராலும் படிக்கப்படவில்லை. அந்த மக்கள் கிரேக்கர்கள் அல்ல என்று எவன்ஸ் சொன்னது அந்தக் காலத்துக்குப் பொருந்தும்.

இப்போது க்னோசோஸின் அந்தக் கான்கிரீட்டுக்கே வயதாகி, விரிசல் விழுந்து, பராமரிப்பு தேவைப்படுகிறது. இடித்தால் அடியில் இருக்கும் மினோவன் சுவரும் போய்விடும். அதனால் அதையும் சேர்த்தேதான் பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

டிக்கெட் வாங்கி உள்ளே போனால் மேற்கு முற்றத்தில் எவன்ஸின் மார்பளவு சிலை நிற்கிறது. 1935-ல் அவர் கடைசியாக வந்தபோது அவர் முன்னாலேயே திறந்து வைத்தது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் நீளமான கிடங்குகள், உள்ளே வரிசையாகப் பெரிய ஜாடிகள். 1878-ல் கலோகைரினோஸின் ஆட்கள் மண்ணைத் தள்ளி முதலில் பார்த்தது அந்தக் கிடங்குகளைத்தான்.